பழம்பொருள் மாலில் வாடிக்கையாளரின் மனக்குறையும் வியாபாரியின் மனக்குறையும்: வேரிலிருந்து சரிசெய்யும் முழு வழிகாட்டி

பழம்பொருள் மாலில் ஒரே கூரையின் கீழ் பல வியாபாரிகள் இடம் வாடகைக்கு எடுத்துப் பொருள் வைத்திருப்பார்கள். பில் போடுவது மட்டும் ஒரே கவுண்டரில். பொருளுக்குச் சொந்தக்காரர் அங்கே இருப்பதில்லை. கவுண்டரில் இருப்பவருக்குப் பொருளைப் பற்றித் தெரிவதில்லை. எழுகிற குறைகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது.

வாடிக்கையாளர் சொல்வது: "எதைக் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள், அலமாரியைத் திறக்க ஆள் வருவதில்லை, விலை பேச வழியில்லை." வியாபாரி சொல்வது: "என் பொருள் எங்கே போனது என்று தெரியவில்லை, என்னைக் கேட்காமல் விலையைக் குறைத்துவிட்டார்கள், கணக்கு புரியவில்லை." இரண்டுக்கும் காரணம் ஒன்றே. தெரியவேண்டிய விஷயம் யாரோ ஒருவர் மனதில் இருக்கிறது. சீட்டிலோ ஏட்டிலோ இல்லை. அவர் லீவில் போனால் விஷயமும் அவரோடு போய்விடுகிறது.

மால் நடத்தப் புதிதாக வருபவர்கள் ஊழியர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பதில் தொடங்குகிறார்கள். எவ்வளவு பணிவான ஊழியராக இருந்தாலும், கையில் விவரம் இல்லாவிட்டால் "தெரியாது" என்பதைத்தான் பணிவாகச் சொல்ல முடியும். அதனால் முதலில் ஒப்பந்தம், பிறகு விலைச்சீட்டு, பிறகு பேரம் பேசும் அதிகாரம், சாவி, கல்லா, கணக்கு என்று போங்கள். புதிதாகத் தொடங்கும் மாலில் இந்த வரிசை மாறினால் பின்னால் செய்வது நிற்காது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வியாபாரி எண்களின் (ஒவ்வொரு வியாபாரிக்கும் மால் கொடுக்கும் அடையாள எண்) முழுப் பட்டியல். ஒவ்வொரு வியாபாரிக்கும் இரண்டு தொலைபேசி எண், அழைக்கக்கூடிய நேரம். தரைப்படம் ஒன்று, அதில் ஒவ்வொரு பூத்துக்கும் (ஒரு வியாபாரி வாடகைக்கு எடுத்த இடம்), ஒவ்வொரு கண்ணாடி அலமாரிக்கும் எண். நடுவில் கிழித்து இரண்டாகப் பிரிக்கக்கூடிய விலைச்சீட்டுகள். கவுண்டரில் 10 மடங்கு பெருக்கும் லென்ஸ், டேப், சிறிய காந்தம், டார்ச், 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு. தைத்த நோட்டுகள் மூன்று: பொருள் வரவு போக்குக்கு ஒன்று, சாவிக்கு ஒன்று, குறைகளுக்கு ஒன்று. தனித்தாள் வேண்டாம். தாள் தொலையும், தைத்த நோட்டில் பக்கத்தைக் கிழித்தால் தெரிந்துவிடும்.

1. ஒப்பந்தத்தில் பணம் தொடர்பான கேள்விகளை முதலில் முடித்துவிடுங்கள்

பல மால்களில் ஒப்பந்தம் இரண்டு பக்கம் இருக்கும். வாடகை, முன்பணம், காலிசெய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பது தெளிவாக இருக்கும். சண்டை வருகிற இடங்கள் மட்டும் அதில் இருக்காது. கீழே உள்ள கேள்விகளுக்கு ஒவ்வொரு வரி பதிலாவது எழுதுங்கள்.

கமிஷன் எந்தத் தொகைக்கு? சீட்டில் உள்ள விலைக்கா, கையில் வந்த விலைக்கா? கார்டு கட்டணம் யார் தலையில்? பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும்? திருட்டு போனால், ஊழியர் கைதவறி உடைத்தால், வாடிக்கையாளரின் குழந்தை உடைத்தால், கூரை ஒழுகினால்: இந்த நான்குக்கும் பொறுப்பு யாருடையது? நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். "சேதத்துக்கு மால் பொறுப்பல்ல" என்று ஒரே வரியில் மூடினால், ஊழியர் கையிலிருந்து விழுந்ததும் அதில் அடங்கிவிடும். எந்த வியாபாரியும் அதை நியாயமென்று ஏற்கமாட்டார். ஏற்க வேண்டியதும் இல்லை.

வியாபாரி தரப்பில் அடிக்கடி நடக்கும் தவறு, மாலின் காப்பீடு தன் பொருளுக்கும் சேரும் என்று நினைப்பது. கட்டிடத்துக்கான காப்பீடு வாடகைக்கு இருப்பவரின் சரக்கைத் தானாக உள்ளடக்காது. இதை ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

2. விலைச்சீட்டு: சொந்தக்காரருக்குப் பதிலாகப் பேசுவது அதுதான்

எல்லாப் படிகளிலும் நேரம் அதிகம் செலவிட வேண்டியது இங்கே. ஒரு நல்ல சீட்டு பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடும். மோசமான சீட்டு ஒவ்வொரு கேள்வியையும் கவுண்டருக்கு அனுப்பும்.

சீட்டில் இருக்க வேண்டியவை: வியாபாரி எண், பொருள் எண், இன்ன பொருள் என்ற விவரம், அளவு, குறை, விலை, சீட்டு போட்ட தேதி. "ஜாடி, 450" என்பது சீட்டே இல்லை. "நீலப் பூ வரைந்த பீங்கான் ஜாடி, உயரம் 22 செ.மீ., மூடி பின்னால் சேர்த்தது, அடிவிளிம்பில் 3 மி.மீ. சில்லு, 450" என்பதுதான் சீட்டு. இப்படி எழுதினால் மூன்று பலன். வாடிக்கையாளர் ஆளைத் தேட வேண்டாம். சில்லு உங்கள் கடையில் உண்டானதா, முன்பே இருந்ததா என்ற வழக்கு எழாது. மலிவான பொருளின் சீட்டைப் பிடுங்கி விலையுயர்ந்த பொருளில் மாட்டும் ஏமாற்று, கவுண்டரில் சீட்டைப் படிக்கும்போதே பிடிபடும்.

குறையை எழுதினால் விற்காது என்று வியாபாரிகள் தயங்குவார்கள். எழுதாத குறையை வாங்குபவர் வீட்டில் போய்க் கண்டுபிடித்தால், அவர் கோபத்தோடு வந்து நிற்பது மாலின் கவுண்டரில். வியாபாரி முன்னால் அல்ல. அதனால் இதை வியாபாரியின் விருப்பத்துக்கு விடாதீர்கள். குறை எழுதாத சீட்டை உள்ளே விடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குறை இல்லையென்றால் "குறை காணவில்லை" என்று எழுதட்டும். வெற்றிடம் கூடாது.

சொற்களிலும் கவனம் வேண்டும். "ஆன்டிக்" என்பதற்குப் பல நாடுகளின் சுங்க விதிகளில் 100 ஆண்டைத் தாண்டிய பொருள் என்று வரையறை இருக்கிறது. "விண்டேஜ்" என்பதற்கு அப்படிக் கட்டாயமான எல்லை கிடையாது. பழைய மாதிரியில் புதிதாகச் செய்ததை "நகல்" என்றே எழுத வேண்டும். "அந்தக் காலத்துப் பாணி" என்று மழுப்பக் கூடாது. வெள்ளியில் 925 முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. இ.பி.என்.எஸ். என்றிருந்தால் அது நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் பூசிய வெள்ளி முலாம். இரண்டையும் "வெள்ளி" என்று ஒரே சொல்லில் எழுதி, பொருள் திரும்பி வருவது மிகச் சாதாரணம்.

சீட்டை மாட்டும் விதத்திலேயே பொருள் கெடும். பசை ஸ்டிக்கரை அஞ்சலட்டை, பழைய புத்தக அட்டை, தங்க ரேக் ஒட்டிய சட்டம், மெருகு பூசிய மரம் இவற்றில் ஒட்டாதீர்கள். உரிக்கும்போது மேல்பரப்பும் சேர்ந்து வரும். காகிதப் பொருளைத் தெளிவான உறையில் போட்டு உறையின்மேல் ஒட்டுங்கள். மற்றவற்றுக்குப் பருத்தி நூல். நூலைக் கைப்பிடியிலோ காலிலோ கட்டுங்கள்; சுருக்கை விரலால் விரித்துக் கழற்ற முடியாதபடி முடிச்சு இறுக்கமாக இருக்கட்டும். இரும்புக் கம்பி துருப்பிடித்து மரத்திலும் துணியிலும் கறை விடும். பென்சிலில் எழுதாதீர்கள், விலையை மாற்றுவது ஒரு அழிப்பான் வேலை.

3. பொருள் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் பதிவு

வியாபாரி சரக்கோடு வரும் நாளில் அவசரம் இருக்கும். அந்த அவசரத்தில்தான் பதிவு விட்டுப்போகும். ஆறு மாதம் கழித்து "அந்த விளக்கு எங்கே?" என்று கேட்டால் பதில் இருக்காது.

வரவு நோட்டில் தேதி, வியாபாரி எண், முதல் பொருள் எண், கடைசிப் பொருள் எண், கையெழுத்து. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி எழுதத் தேவையில்லை. முழுப் பட்டியலை வியாபாரி வைத்திருக்கட்டும், ஒரு படி உங்களிடம் கொடுக்கட்டும். ஆனால் பூத்தை நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். காணாமல் போன பொருளைத் தேடும்போது பட்டியலைவிட இந்தப் படம் சீக்கிரம் உதவும்.

வெளியே எடுத்துப்போகும்போதும் அதே பதிவு. வியாபாரி தன் பொருளைத் தானே எடுத்துப்போய்விட்டு, மறந்து, திருட்டு என்று புகார் கொடுப்பது உண்மையிலேயே நடக்கிறது. எடுத்தது அவர் மகனாக இருக்கலாம், கூட்டாளியாக இருக்கலாம். யார் எடுக்கலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் பெயர் போட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்திலேயே நிறுத்த வேண்டிய பொருள்களும் உண்டு. யானைத் தந்தம், ஆமையோடு போன்றவற்றுக்கு, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் 1975 முதல் நடைமுறையில் இருக்கிறது; அதன்மேல் அந்தந்த நாட்டுச் சட்டமும் உண்டு. ஆதாரக் காகிதம் இல்லாமல் ஏற்காதீர்கள். கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி உள்ள பழைய தொட்டிலில் குழந்தை சிக்கிக்கொள்ளும். ஈயம் கலந்த பழைய பெயின்ட் உரிந்து வாய்க்குள் போகும். இவற்றை "அலங்காரத்துக்கு மட்டும்" என்று எழுதாமல் விற்பனைக்கு வைக்க விடாதீர்கள். இருட்டில் ஒளிரும் முகப்புள்ள பழைய கடிகாரத்தில் கதிரியக்கமுள்ள ரேடியம் இருக்கக்கூடும். அதைக் கழற்றித் துடைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

4. பேரம் பேசும் அதிகாரத்தை முன்கூட்டியே வாங்கிவையுங்கள்

பழம்பொருள் வாங்க வருபவர் விலை கேட்பார். அது இந்தத் தொழிலின் இயல்பு. "சொந்தக்காரரைத்தான் கேட்க வேண்டும், அவர் எடுக்கவில்லை" என்ற பதிலோடு நின்றுபோகும் விற்பனைகள் ஏராளம். இன்னொரு பக்கம், கவுண்டரில் இருப்பவர் தானாகவே குறைத்துக் கொடுத்தால் வியாபாரி வயிறெரிகிறார். அவர் எரிவது நியாயம்தான். குறைந்தது அவர் பணம்.

ஒவ்வொரு வியாபாரியிடமும் ஒரு தாளில் மூன்று கேள்விக்குப் பதில் வாங்குங்கள்:

எந்த விலைக்கு மேல், எத்தனை சதவீதம் வரை, கேட்காமலே குறைக்கலாம்? வழக்கமாக 10 சதவீதம் சொல்வார்கள். சிலர் மறுப்பார்கள், அதையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் மேலே கேட்டால் அழைக்கலாமா, எந்த நேரத்தில்?

எடுக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும்? 10 சதவீதத்தோடு நிறுத்துவதா, வாடிக்கையாளர் சொல்லும் விலையை எழுதி வாங்கிவைப்பதா?

பதில்களை வியாபாரி எண் வரிசையில் ஒரே பக்கப் பட்டியலாக்கிக் கவுண்டருக்குள் ஒட்டுங்கள். வாடிக்கையாளர் கண்ணில் படக் கூடாது. பட்டால் எல்லாரும் அங்கிருந்தே பேரத்தைத் தொடங்குவார்கள். விலை குறையாத பொருளின் சீட்டில் "விலை இதுவே" என்று வியாபாரியே எழுதட்டும். ஊழியர் மறுப்பதைவிடச் சீட்டு மறுத்தால் முகம் கோணாது.

அழைக்கும்போது வாடிக்கையாளரிடம் காலவரம்பு சொல்லுங்கள்: "பத்து நிமிடத்தில் பதில் வாங்கித் தருகிறேன், அதுவரை மற்றதைப் பாருங்கள்." முதல் எண், இரண்டாம் எண், ஒரு குறுஞ்செய்தி. பத்து நிமிடம் ஆனதும் பதில் வராவிட்டாலும் நீங்களே தேடிப் போய்ச் சொல்லுங்கள். காத்திருந்தவர் மூன்றாம் முறை கவுண்டருக்கு வந்து கேட்கும்படி விடுவதுதான் "இங்கே மரியாதை இல்லை" என்ற பேச்சுக்குத் தொடக்கம்.

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, வியாபாரியின் தொலைபேசி எண்ணை வாடிக்கையாளரிடமே கொடுத்துப் பேசிக்கொள்ளச் சொல்வது. விற்பனை மாலுக்கு வெளியே போய்விடும், கமிஷன் போய்விடும், வியாபாரியின் தனி எண்ணும் பரவிவிடும்.

5. கண்ணாடி அலமாரியும் சாவியும்

நகை, கடிகாரம், சிறு வெள்ளிப் பொருள் எல்லாம் பூட்டிய அலமாரியில்தான். விலை கூடிய பொருளும் அங்கேதான். ஆகவே, அதிகம் செலவு செய்ய வந்தவரைத்தான் நீங்கள் அதிகம் காக்கவைக்கிறீர்கள்.

வரிசையின் இரு முனையிலும் அழைப்பு மணி வையுங்கள். மணிக்குப் பக்கத்தில் அலமாரி எண் பெரிதாக இருக்கட்டும். மூன்று நிமிடத்துக்குள் ஆள் வர வேண்டும். கவுண்டரில் ஒருவர் மட்டும் இருக்கும் நேரத்தில் அது முடியாது. கூட்டம் வரும் நாள்களில் சாவிக்கென்று ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

சாவிக் கொத்தை ஒரே வளையத்தில் நூறாகக் கோத்தால், சரியான சாவியைத் தேடுவதற்குள் வாங்கும் ஆசை வடிந்துவிடும். பத்துப் பத்தாகப் பிரித்து, வளையத்துக்கு ஒரு நிறம், அந்த நிறத்தையே அலமாரி மூலையிலும் ஒட்டுங்கள். சாவியை எடுத்தவர், நேரம், அலமாரி எண், திருப்பி வைத்த நேரம்: சாவி நோட்டில் நான்கு கட்டம்.

திறக்கும் ஒழுங்கு இதுதான். வாடிக்கையாளரை எந்தப் பொருள் என்று கண்ணாடி வழியே காட்டச் சொல்லுங்கள். திறந்து, அந்த ஒன்றை மட்டும் எடுத்து, மெத்தைத் தட்டில் வையுங்கள். உடனே அலமாரியைப் பூட்டுங்கள். பிறகு தட்டை நீட்டுங்கள். இரண்டாவது பொருள் கேட்டால், முதலாவதைத் திருப்பி வைத்துவிட்டோ, அது தட்டில் இருப்பதைக் கண்ணில் வைத்துக்கொண்டோ எடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் வெளியே கூடாது. திருட வருபவர்கள் இருவராக வந்து ஒருவர் கேள்வி கேட்க, மற்றவர் திறந்த அலமாரிப் பக்கம் நிற்பார். அலமாரி பூட்டியிருந்தால் அந்த வேலை நடக்காது. பூட்டும்போது முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே பூட்டுங்கள். சந்தேகப்படுவதாக யாருக்கும் தோன்றாது.

பார்த்துவிட்டு "எடுத்துக்கொள்கிறேன்" என்றால், பொருளை அவர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். நீங்களே கவுண்டருக்குக் கொண்டுபோய், அவர் பெயர் எழுதிய தட்டில் வையுங்கள். கை காலியாக இருப்பதால் அவர் இன்னும் சுற்றுவார், இன்னும் வாங்குவார்.

6. கல்லாவில் பில் போடும் வரிசை

முதலில் சீட்டையும் பொருளையும் ஒப்பிடுங்கள். சீட்டு சொல்வது 22 செ.மீ. ஜாடி, கையில் இருப்பது 30 செ.மீ. என்றால் அங்கேயே நில்லுங்கள். குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். "சீட்டு மாறிவிட்டது போலிருக்கிறது, சரிபார்த்துவிடுகிறேன்" என்றால் போதும். பெரும்பாலும் குழந்தையோ முந்தைய வாடிக்கையாளரோ மாற்றியதாக இருக்கும்.

அடுத்து, எழுதியிருக்கும் குறையை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "அடிவிளிம்பில் சில்லு இருக்கிறது, பார்த்துவிட்டீர்கள் அல்லவா?" இந்த ஒரு கேள்வி நாளைய சண்டையை இன்றே முடிக்கிறது.

பிறகு வியாபாரி எண், பொருள் எண், விலை, தள்ளுபடி என்ற வரிசையில் பதியுங்கள். விலையை முதலில் அடித்துவிட்டு எண்ணை நினைவிலிருந்து அடிப்பதால்தான் ஒருவர் பணம் இன்னொருவர் கணக்கில் போகிறது. 36-ம் 63-ம் மாறுவது தினசரிப் பிழை. சீட்டைக் கிழித்து ஒரு பாதி வாடிக்கையாளருக்கு, மறுபாதி வியாபாரியின் உறைக்கு. இரவில் உறைகளில் உள்ள பாதிச் சீட்டுகளின் கூட்டுத்தொகை, தள்ளுபடியைக் கழித்த பின், கல்லாவின் மொத்தத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அன்றைக்கே தேடுங்கள். மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது.

சீட்டு இல்லாத பொருளை விலை ஊகித்து விற்காதீர்கள். வியாபாரியை அழையுங்கள், கிடைக்காவிட்டால் வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் வாங்கிக்கொண்டு பொருளை எடுத்துவையுங்கள், அன்று மாலைக்குள் நீங்களே அழைத்துச் சொல்லுங்கள்.

7. பொதிந்து கொடுப்பதும் தூக்கி ஏற்றுவதும்

செய்தித்தாளில் பீங்கானை நேரடியாகச் சுற்றினால் மை ஒட்டும். உள்ளே வெள்ளைத் தாள், வெளியே செய்தித்தாள். மூடியைப் பாத்திரத்தின் மேல் வைத்துச் சுற்றாமல் தனியாகச் சுற்றுங்கள். அனுப்பிவைக்க வேண்டிய கண்ணாடிப் பொருளுக்குப் பெட்டிக்குள் பெட்டி. இரண்டுக்கும் இடையே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மெத்தை.

கெட்டிலைக் கைப்பிடியில் தூக்காதீர்கள். பழைய ஒட்டு அங்கேதான் இருக்கும். நாற்காலியை முதுகுச் சட்டத்திலோ கையிலோ பிடிக்காமல் இருக்கைச் சட்டத்தில் பிடித்துத் தூக்குங்கள். பளிங்குப் பலகையையும் பெரிய கண்ணாடியையும் படுக்கையாகக் கொண்டுபோனால் தன் எடையிலேயே நடுவில் விரிசல் விடும். நிமிர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும். மேசையின் இழுப்பறைகளை முதலில் கழற்றிவிடுங்கள்.

வண்டியில் ஏற்ற உதவுவது உங்கள் வேலையா இல்லையா என்பதை விற்கும் முன்பே சொல்லுங்கள். பணம் வாங்கிய பிறகு "ஏற்றுவதற்கு ஆள் இல்லை" என்பது ஏமாற்றுவது போலவே படும்.

8. எடுத்துவைப்பது, தவணை, திருப்பி வாங்குவது

மூன்றுக்கும் எழுதிய விதி வேண்டும். விதி கவுண்டரில் தெரியும்படி இருக்க வேண்டும். பணம் தராமல் எடுத்துவைப்பது 24 மணி நேரம் போதும். பெயர், எண், முடியும் நேரம் எழுதிய தாளைப் பொருளில் கட்டுங்கள். நேரம் முடிந்தால் தாளை எடுத்துவிடுங்கள். மறந்துபோன தாள் வாரக்கணக்கில் தொங்கி வியாபாரியின் விற்பனையைக் கெடுக்கும்.

தவணைக்கு மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மீதி 60 அல்லது 90 நாளில். கட்டாமல் போனால் முன்பணம் என்னாகும் என்பதை ரசீதிலேயே எழுதுங்கள். வியாபாரியின் சம்மதம் இல்லாமல் தவணைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பழம்பொருளில் "விற்றால் விற்றதுதான்" என்பது பரவலான விதி. மனம் மாறி வருபவருக்கு அது சரி. சீட்டில் எழுதியது உண்மை இல்லையென்றால் அந்த விதியின் பின்னால் ஒளியாதீர்கள். உங்கள் ஊர்ச் சட்டமும் அநேகமாக அதை ஏற்காது. அசல் என்று விற்றது நகல், வேலை செய்யும் என்று விற்ற வானொலி வேலை செய்யவில்லை: பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வியாபாரியின் அடுத்த கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மின்பொருளுக்கெனச் சோதனைப் பலகை ஒன்று வைத்து, வாடிக்கையாளர் முன்னால் போட்டுக் காட்டுங்கள். பழைய துணி உறையிட்ட ஒயர் பிய்ந்திருந்தால் செருகவே கூடாது. "ஒயர் மாற்ற வேண்டும்" என்று சீட்டில் எழுதுங்கள்.

புற ஊதா விளக்கு பயன்படுவதும் இப்படிப்பட்ட வாதத்தில்தான். யுரேனியம் கண்ணாடி அதன் கீழ் பளிச்சென்ற பச்சையாக ஒளிரும். ஆனால் மாங்கனீசு கலந்த பழைய கண்ணாடியும் 365 நானோமீட்டரில் மங்கலான பச்சை காட்டும். ஒளிர்ந்தால் யுரேனியம் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்.

9. வியாபாரியின் கணக்கும் அவர் பணமும்

வியாபாரிகள் மாலிலிருந்து விலகிப் போகும் காரணங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை. விற்பனை குறைந்தாலும் பொறுத்திருப்பார்கள். கணக்கில் சந்தேகம் வந்தால் இருக்கமாட்டார்கள்.

கணக்குத் தாளில் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு வரி: தேதி, பொருள் எண், விவரம், சீட்டு விலை, தள்ளுபடி, விற்ற விலை, கமிஷன், கார்டு கட்டணம், கைக்கு வருவது. மொத்தத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். சீட்டு விலை 1,000. தள்ளுபடி 10 சதவீதம், விற்றது 900. கமிஷன் 10 சதவீதம் என்றால் 90. கார்டு கட்டணம் 3 சதவீதம் என்றால் 27. கைக்கு 783. கமிஷனைச் சீட்டு விலைக்குப் போட்டால் 100, கைக்கு 773. பத்துதானே என்று தோன்றும். மாதம் நூறு பொருள் இப்படி விற்பவருக்கு அது 1,000. அவர் கேட்கத்தான் செய்வார்.

இதில் இன்னொரு சிக்கல் மறைந்திருக்கிறது. விற்பனை வரி 5 சதவீதம் என்றால் வாடிக்கையாளர் கார்டில் தேய்ப்பது 945. கார்டு நிறுவனம் 3 சதவீதத்தை 945-க்கு எடுக்கும், அது 28.35. வியாபாரியிடம் 27 பிடித்தால் 1.35 மாலின் தலையில், 28.35 பிடித்தால் அரசுக்குப் போகும் வரிக்கும் அவர் கட்டணம் கட்டுகிறார். எப்படி வைத்தாலும் சரி, ஒப்பந்தத்தில் எழுதிவிட்டுச் செய்யுங்கள்.

விற்ற பணம் உங்களுடையது அல்ல. கமிஷனும் வாடகையும் மட்டுமே உங்களுடையது. வியாபாரிகளின் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். அதிலிருந்து மின்கட்டணமோ சம்பளமோ எடுக்காதீர்கள், ஒரு நாளைக்குக்கூட. ஒரு மந்தமான மாதத்தில் "அடுத்த வாரம் போட்டுவிடலாம்" என்று எடுப்பதில்தான் தொடங்கும். அடுத்த மாத விற்பனையில் இந்த மாதத்தவருக்குக் கொடுக்கும் நிலை வந்தபிறகு மால் மூடினால், கடைசி வரிசையில் நிற்பவர்களுக்கு எதுவும் மிஞ்சாது. வயதானவர்கள், வீட்டிலிருந்தபடி சிறுகச் சிறுகச் சேர்த்து விற்பவர்கள் இதில் நிறைய. அவர்கள் பணத்தைத் தொடாதீர்கள்.

பணம் கொடுக்கும் தேதியை மாதத்தில் ஒன்றோ இரண்டோ நிர்ணயித்து, தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தத் தேதிக்கு முன்பே சொல்லுங்கள்.

10. ஊழியரே வியாபாரியாகவும் இருந்தால்

வாடகைக்குப் பதிலாக வாரத்தில் ஓரிரு நாள் கவுண்டரில் வேலை செய்யும் வியாபாரிகள் பல மால்களில் உண்டு. பொருளறிவு உள்ளவர்கள் என்பதால் நல்லது. ஆனால் மற்ற வியாபாரிகள் வாய்விட்டுச் சொல்லாத மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் சேர்கிறது.

இரண்டு விதி போதும். புதிதாக வந்த சரக்கை ஊழியர் 48 மணி நேரம் கழித்துத்தான் வாங்கலாம். அதுவும் சீட்டு விலைக்கு, இன்னொருவர் பில் போட்டு. இல்லாவிட்டால் நல்ல பொருளெல்லாம் வாடிக்கையாளர் கண்ணில் படுமுன் கைமாறிவிடும். இரண்டாவது, வாடிக்கையாளர் எதையாவது தேடிக் கேட்டால் அந்த வகை உள்ள எல்லாப் பூத் எண்களையும் சொல்ல வேண்டும்; தன் பூத்தைக் கடைசியாக. வகை வாரியான பட்டியல் ஒன்று கவுண்டரில் இருந்தால் இது சிரமமில்லை.

11. குறை சொல்ல வந்தவரைக் கையாளுவது

குறை நோட்டில் தேதி, சொன்னவர், என்ன நடந்தது, யார் பதில் சொல்ல வேண்டும், எப்போது முடிந்தது. சொன்னவர் முன்னாலேயே எழுதுங்கள். எழுதுவதைப் பார்த்தாலே பாதிக் கோபம் தணியும். 48 மணி நேரத்துக்குள், முடிவு வந்தாலும் வராவிட்டாலும், ஒரு அழைப்பு.

வாடிக்கையாளரிடம் "அது வியாபாரி தவறு" என்றும், வியாபாரியிடம் "வாடிக்கையாளர் உடைத்திருப்பார்" என்றும் சொல்லி நடுவில் நழுவாதீர்கள். அவர்களுக்கு நீங்கள்தான் கடை.

திருட்டு தெரிந்தால் அன்றே வியாபாரிக்குச் சொல்லுங்கள். படத்தைப் பாருங்கள், சாவி நோட்டைப் பாருங்கள், மற்ற பூத்துகளில் தேடுங்கள். வாடிக்கையாளர் கையில் எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டுப் போன பொருள் அடிக்கடி கிடைக்கும்.

12. ஏற்கெனவே நடக்கும் மாலில் எங்கே தொடங்குவது

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் வியாபாரிகள் மிரள்வார்கள். முதல் வாரம் பேர அதிகாரப் பட்டியல். செலவில்லை, பலன் உடனே தெரியும். இரண்டாம் வாரம் சாவி வளையமும் மணியும். அதன்பின் புதிதாக வரும் சரக்குக்கு மட்டும் புதிய சீட்டு. பழையதை வியாபாரிகள் மூன்று மாதத்தில் மாற்றட்டும். தனி வங்கிக் கணக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தேதி ஒவ்வொருவருக்கும் வரும்போது புதிய வாசகத்தில் கையெழுத்து.

மாதம் ஒருமுறை ஊழியர்களுக்கு முகம் தெரியாத ஒருவரைக் கடைக்குள் அனுப்புங்கள். அவர் செய்ய வேண்டியவை: தூர மூலையில் உள்ள அலமாரியைத் திறக்கக் கேட்பது, ஒரு பொருளுக்கு 20 சதவீதம் குறைத்துக் கேட்பது, மூடுவதற்கு இருபது நிமிடம் முன்பு உள்ளே வருவது. கடைசியில் சொன்னதைத் தவறவிடாதீர்கள். மூடும் நேரத்துக்கு முன்பே பின்வரிசை விளக்கை அணைக்கத் தொடங்கும் பழக்கம் அதில்தான் தெரியவரும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆனது, என்ன வார்த்தை சொன்னார்கள் என்று அவர் எழுதிக் கொடுக்கட்டும். அந்தத் தாளை ஊழியர் பெயரை எடுத்துவிட்டுக் குறை நோட்டில் ஒட்டுங்கள். அடுத்த மாதத் தாளை அதற்குப் பக்கத்தில்.